மகாலட்சுமியின் கொதிநீர்க் கணக்கு

மும்பை மகாலட்சுமி ரயில் நிலையத்தை ஒட்டிய தோபி காட்டில் கேமராக்கள் தேடுவது கல்லில் துணி அறையும் காட்சியைத்தான். ஆனால் சூட்சுமமான வேலை அதற்கு முன்பே, துணியைத் தரம் பிரிப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. அழுக்கேறிய வெள்ளைப் பருத்திக்கு காஸ்டிக் சோடா கலந்த கொதிநீர். சாயத் துணிக்குப் பச்சைத் தண்ணீர். ஆஸ்பத்திரி விரிப்பில் ரத்தக் கறையா? வெள்ளையே ஆனாலும் முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும். சூடு பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தேய்ப்பவர் கைதான் நோகும். பட்டும் கம்பளியும் காஸ்டிக் சோடா பக்கமே போகக் கூடாது. அந்தக் காரம் இழையையே கரைத்துவிடும்.

இத்தனைக்கும் இடையே, சாயம் போகும் ஒற்றைச் சிவப்புச் சட்டை கொதிதொட்டிக்குள் நழுவினால் ஓட்டல் விரிப்புகள் அத்தனையும் ரோஜா நிறம். அன்றைய கூலிக்கு முழுக்கு.