போன வாரம் கொடுத்த ரத்தம்தான் இன்று காப்பாற்றும்!

"அவசரம்! கடலூரில் பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. ஷேர் பண்ணுங்க!"

இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பதறிப்போய் பைக்கை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனைக்கு ஓடுகிறீர்கள். ரத்தமும் கொடுக்கிறீர்கள். ஆனால், அந்தப் பை நேராக வார்டுக்குப் போகாது. ஏன் தெரியுமா?

பைக்குப் பின்னால் இவ்வளவு வேலையா?

கொடுத்த ரத்தத்தில் ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா இருக்கிறதா என்று பரிசோதிப்பது கட்டாயம். இதற்கே சில மணி நேரம் ஆகும். பிறகு, நோயாளியின் ரத்த மாதிரியோடு சேர்த்து 'கிராஸ் மேட்ச்' பார்ப்பார்கள். குரூப் மாறினால், ஏற்றும் ரத்தமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அப்படியானால், பிரசவ அறையில் இருக்கும் அந்தத் தாய்க்கு? ஏற்கெனவே பரிசோதித்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் பைதான் கைகொடுக்கும். போன வாரம் முகம் தெரியாத யாரோ கொடுத்தது அது.

ஒரு பை, மூன்று பேர்

ரத்தத்தைப் பிரிக்கும் வசதியுள்ள ரத்த வங்கிகளில், ஒரே பை மூன்று பேருக்கு உதவும். சிவப்பணுக்களை 42 நாள்கள் வரை வைத்திருக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு தாங்கும். ஆனால், டெங்கு, புற்றுநோய் நோயாளிகளுக்குத் தேவைப்படும் தட்டணுக்களின் ஆயுள் வெறும் 5 நாள்கள்தான்! அதனால்தான், தானம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் காசுக்கு ரத்தம் விற்றவர்கள் இருந்தார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை வந்தது. இன்று ரத்த வங்கிகளுக்கு நம் மனசுதான் மூலதனம். கல்லூரி முகாம்களை நம்பியிருக்கும் ரத்த வங்கிகளில், ஏப்ரல், மே விடுமுறையில் கையிருப்பு குறைந்துவிடும்.

நீங்கள் கொடுக்கலாமா?

* வயது 18 முதல் 65 வரை
* எடை குறைந்தது 45 கிலோ
* ஹீமோகுளோபின் 12.5 கிராம் அல்லது அதற்கு மேல்
* ஆண்கள் 3 மாதங்களுக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம்
* வெறும் வயிற்றில் போகாதீர்கள். மாத்திரை ஏதும் சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்

அடுத்த மெசேஜ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில், பக்கத்தில் இருக்கும் ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் ஒரு தாய் வீடு திரும்ப, அந்தப் பை காரணமாக இருக்கலாம்!