112-க்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா? தெரியுமா?

உங்கள் செல்போனில் ஓர் அபாயப் பொத்தான் இருக்கிறது, தெரியுமா? பழைய பட்டன் போன் என்றால் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போன் என்றால் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை தட்ட வேண்டும். சில மாடல்களில் ஐந்து முறை. இந்த வசதி இல்லாத போனை 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கக் கூடாது என்று 2016 ஏப்ரலில் மத்திய அரசு விதி போட்டது. அந்த விதிக்கு அதிகாரம் தந்த சட்டம் எது என்று கேட்டால் அசந்துபோவீர்கள்: 1933-ம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம்! வெள்ளைக்காரர்கள் ரேடியோ பெட்டிகளை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம், 83 வருடம் கழித்து உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு ஒரு பொத்தானை வாங்கிக் கொடுத்தது! (2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 1933 சட்டத்தையும் 1885 தந்திச் சட்டத்தையும் சேர்த்தே வழியனுப்பிவிட்டது.)

சரி, அந்தப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு எங்கே போகும்? 112-க்கு. போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 1091 என்று பதறும் நேரத்தில் யாரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? எல்லாவற்றுக்கும் ஒரே எண் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-ல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய நாடுகள் 1991-லேயே முடிவுசெய்த அதே 112 இங்கேயும் வந்தது. கீ லாக் போட்டிருக்கும் போனிலும் 112 போகும். உங்கள் கம்பெனிக்கு சிக்னல் இல்லாவிட்டால் அருகில் கிடைக்கும் இன்னொரு கம்பெனியின் டவர் வழியாகப் போகும்!

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2012 டிசம்பர் 16 இரவு டெல்லிப் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அடுத்த பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அந்த மாணவியின் நினைவாக 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். அந்த நிதியிலிருந்துதான் 112 திட்டத்துக்கு 321.69 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முதலில் தொடங்கிய மாநிலம் எது? டெல்லியும் இல்லை, மும்பை இருக்கும் மகாராஷ்டிரமும் இல்லை. மலை மாநிலமான இமாசலப் பிரதேசம், 2018 நவம்பரில்! நாடு முழுவதும் ஓடும் மென்பொருளை எழுதியவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்: மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையத்தினர்!

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே 911-க்காக ஒவ்வொரு போன் பில்லிலும் ஒரு சின்னத் தொகை பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தைச் சில மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பிவிடுவதால், யார் யார் திருப்பினார்கள் என்று தொலைத்தொடர்பு ஆணையம் வருடாவருடம் அறிக்கை வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது! நம் பில்லில் 112-க்கு என்று தனிப் பைசா இல்லை. ஒரு பெண்ணின் நினைவாக ஒதுக்கிய நிதி இது என்பதால், அது எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை நமக்குக் கூடுதலாகவே இருக்கிறது என்பேன்.

இப்போது பெங்களூருக்கு வாருங்கள். 112-க்குப் போன் செய்தால் ஓடிவரும் போலீஸ் வண்டியின் பெயர் ஹொய்சாளா. பேலூர், ஹளேபீடு கோயில்களைக் கட்டிய அதே ஹொய்சாளர்! திருச்சி பக்கம் கண்ணனூரிலிருந்து ஆண்டவர்களும் அவர்களே என்பதால் நமக்கும் உறவு உண்டு. பெங்களூர் முன்பு ‘நம்ம 100’ என்ற கட்டுப்பாட்டு அறையை நடத்தி, பின்பு 112-க்கு மாறியது. இதே நிர்பயா நிதியின் பாதுகாப்பான நகரத் திட்டத்துக்கு நாட்டில் எட்டு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெங்களூருக்கு ஒப்புதலான தொகை 667 கோடி ரூபாய், நூற்றுக்கு அறுபது மத்திய அரசு, நாற்பது மாநில அரசு. அந்தப் பணத்தில் கேமராக்கள் மட்டுமா வந்தன? சாலையோரத்தில் ‘சேஃப்டி ஐலண்ட்’ என்று தூண்கள் முளைத்தன. கையில் போன் இல்லாத பெண்ணும் அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேமரா வழியாகப் பார்த்துப் பேசுவார்!

டாக்சியிலும் பஸ்ஸிலும் அபாயப் பொத்தானும் இருப்பிடம் காட்டும் கருவியும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே சொல்கிறது, தெரியுமா? ஆனால் அதே விதி ஆட்டோக்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. பெங்களூர் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது ஆட்டோதானே! அந்த விலக்கு போக வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். ஆன்லைனில் பணம் பறிகொடுத்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்யுங்கள், திருடனின் கணக்கையே முடக்க வங்கியிடம் சொல்கிறோம் என்று பெங்களூர் போலீஸ் 2021-லேயே ஏற்பாடு செய்தது. இன்று நாடு முழுவதற்கும் அந்த வேலையைச் செய்யும் எண் 1930.

மனம் உடைந்து நிற்பவர்களுக்கு 14416. ‘டெலி மானஸ்’ என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. நாடு முழுவதற்கும் தலைமை மையம் பெங்களூரின் மனநல மருத்துவக் கழகமான நிம்ஹான்ஸ்! தொழில்நுட்பத்துக்குத் துணை நின்றது பெங்களூரின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம். இருபது மொழிகளில் பேசலாம், தமிழிலும்தான்!

போன் செய்பவரைக் காப்பாற்றவும் ஒரு சட்டம் உண்டு, தெரியுமா? இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2016 பிப்ரவரியில் பெங்களூரை அடுத்த நெலமங்களா அருகே லாரி மோதியதில் ஹரீஷ் நஞ்சப்பா என்ற இளைஞரின் உடல் இரண்டானது. உயிர் போகும் அந்த நேரத்திலும் தன் உறுப்புகளைத் தானம் செய்யச் சொன்னார் அவர். கண்கள் தானமாயின. அடுத்த மாதமே கர்நாடக அரசு அவர் பெயரில் ‘சாந்த்வனா ஹரீஷ்’ திட்டத்தைக் கொண்டுவந்தது: விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை அரசு கொடுக்கும் என்றது அந்தத் திட்டம். அதோடு நிற்கவில்லை. அடிபட்டவரைத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரை யாரும் பிடித்து வைக்கக் கூடாது, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைக்கழிக்கக் கூடாது என்று தனிச் சட்டமே இயற்றி, 2018-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றார்கள். இப்படிச் சட்டம் செய்த முதல் மாநிலம் கர்நாடகம்தான்! மத்திய அரசு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதே பாதுகாப்பைச் சேர்த்தது 2019-ல்.

உலகத்தின் முதல் அவசர எண்ணும் ஒரு துயரத்திலிருந்துதான் பிறந்தது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் வீடு பற்றி எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். அக்கம்பக்கத்தவர் ஒருவர் போன் செய்தால் எக்ஸ்சேஞ்சில் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்! அந்தக் கோபத்தில் அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, 1937 ஜூன் 30-ல் 999 வந்தது. நியூசிலாந்திலோ 111. ஏன் தெரியுமா? அந்த நாட்டு டயலில் எண்கள் தலைகீழ் வரிசையில் இருந்தன. அங்கே 111 சுழற்றினால் கம்பியில் போகும் துடிப்பு இங்கிலாந்தின் 999-க்குப் போகும் அதே துடிப்பு!

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று 112-க்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். டவரை வைத்துக் கணக்குப் போட்டால் நகரத்தில் சில நூறு மீட்டரும் கிராமத்தில் சில கிலோமீட்டரும் தவறலாம். போனே தன் துல்லியமான இடத்தை அனுப்பும் முறையை பிரிட்டன் 2014-ல் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் அது வந்தது 2016-ல். இந்தியாவில் முழுமையாக நடைமுறைப்படுத்திய முதல் மாநிலம் உத்தரப் பிரதேசம், அதுவும் 2025 டிசம்பரில்! எல்லா மாநிலங்களுக்கும் இது உடனே வந்து சேர வேண்டும்.

அதனால் 112 எடுத்ததும் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இடத்தைச் சொல்லுங்கள். மெட்ரோ தூணின் எண், கடையின் பெயர், பஸ் ஸ்டாப், எது கண்ணில் படுகிறதோ அது. அத்திப்பள்ளி, ஓசூர் எல்லையில் இருந்தால் எந்த மாநிலம் என்றும் சொல்லுங்கள். அழைப்பு எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் போகும். குழந்தைகள் கையில் போனைக் கொடுத்து 112-க்கு விளையாட்டாய்ப் போகவிடாதீர்கள். தெரியாமல் போய்விட்டால் வைத்துவிடாமல் ‘தவறுதலாக வந்தது’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்றைக்கே உங்கள் போனின் செட்டிங்ஸில் போய் அபாயப் பொத்தான் எத்தனை தட்டில் வேலை செய்கிறது என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்!