நியூயார்க் டாக்ஸிகளும் கடன் சங்கங்களும்

செல்பேசியை விரலால் தொட்டு, வாடகை மோட்டாரை வீட்டு வாசலுக்கே வரவழைக்கும் ஏற்பாடு இன்று நம் நகரங்களில் யாவரும் அறிந்ததே. இதனால் பழைய டாக்ஸித் தொழில் நலிவுற்றதும், அரசாங்கங்கள் காலந்தாழ்த்திச் சட்டம் செய்ததும் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இவ்விதழில் இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இம்மாறுதலால் வீழ்ந்தவை டாக்ஸிகள் மட்டுமல்ல. அத்தொழிலாளருக்குக் கடன் கொடுத்துவந்த கூட்டுறவுச் சங்கங்களும் உடன் வீழ்ந்தன. அவை வீழ்ந்த விதத்தைக் கடன் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைக் காண்போம். 1930-ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த பலர் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்ட முற்பட்டனர். வண்டிகள் மிகுந்தன, பிரயாணிகள் குறைந்தனர், ஓட்டுநர் எவருக்கும் பிழைப்பில்லை. ஆகவே 1937-இல் ஹாஸ் சட்டம் என்ற ஒன்று இயற்றப்பட்டு, டாக்ஸிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. உரிமம் பெற்ற வண்டியின் முன்புற மூடியில் 'மெடாலியன்' எனும் சிறு தகடு பொருத்தப்படும். தகடு இல்லாத வண்டி, வீதியில் கைகாட்டி நிறுத்தும் பிரயாணியை ஏற்றலாகாது. இத்தகட்டை விற்கலாம், வாங்கலாம், ஈடு வைக்கலாம். பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் தகடுகளின் தொகை 13,587-க்கு மேல் போகவில்லை. நகரமோ வளர்ந்துகொண்டே இருந்தது. எனவே தகட்டின் விலையும் ஏறிக்கொண்டே போய், 2014-இல் ஒரு தகடு 10 லட்சம் டாலரையும் தாண்டி விற்றது.

இந்த விலை எதற்குரியது என்று சிந்திக்க வேண்டும். தகரத்துக்கு அன்று; வண்டிக்கும் அன்று. சட்டம் போட்ட வேலிக்குரிய விலையே அது. அவ்வேலியில் ஒரு வாயிலும் இருந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்து வரவழைக்கும் வண்டிகளுக்கு வேறு உரிமம். அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. 2011-இல் ஊபர் நிறுவனம் நியூயார்க்குக்கு வந்தபோது இவ்வாயில் வழியாகவே நுழைந்தது. செல்பேசியில் அழைப்பது வீதியில் கைகாட்டுவதாகாது, முன்பதிவே ஆகும் என்பது அதன் வாதம். பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. 2015-இல் நகர மேயர் இவ்வண்டிகளுக்கு வரம்பு கட்ட முயன்று, எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கினார். அவ்வாண்டில் சுமார் 63,000 ஆக இருந்த இத்தகைய வண்டிகள் 2018-இல் ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டன. வேலி நின்றது, உள்ளிருந்த பயிர் மேயப்பட்டுவிட்டது.

2018-ஆம் ஆண்டில் டாக்ஸி ஓட்டுநரும் பிற வாடகை வண்டி ஓட்டுநருமாகப் பலர் கடன் சுமையாலும் வருவாய்க் குறைவாலும் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன் பின்னரே, அவ்வாண்டு ஆகஸ்டில், நகர மன்றம் புதிய உரிமங்களை நிறுத்திவைத்தது. செயலி நிறுவனங்களின் ஓட்டுநருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கவும் வழிசெய்தது. 2019 பிப்ரவரி முதல், செலவு போக மணிக்கு 17 டாலர் 22 சென்ட் கிடைக்கும் வகையில் இக்கூலி அமைந்தது. பிரயாணியின்றிக் காத்துக்கிடக்கும் நேரமும் கூலிக் கணக்கில் சேர்க்கப்பட்டது இதன் சிறப்பு. பாவு முடிந்து அடுத்த நூலுக்குக் காத்திருக்கும் நாளுக்குக் கூலியில்லை என்பதன் துன்பத்தை நெசவாளருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் நிறுவனங்கள் இதற்கும் ஒரு வழி கண்டன. தேவை குறைந்த வேளைகளில் ஓட்டுநர் செயலிக்குள் நுழைய முடியாதபடி தடுத்தன.

இச்சட்டத்தால் வண்டிகள் பெருகுவது நின்றது. ஆனால் தகட்டின் மதிப்பு மீளவில்லை. 2018-இலேயே தகடுகள் 2 லட்சம் டாலருக்கும் குறைந்த விலைக்கு விற்றன. 10 லட்சம் மதிப்பிருந்த காலத்தில் கடன் வாங்கியவரின் பத்திரத்திலோ பழைய தொகையே நின்றது.

இனிச் சங்கங்களின் கதை. 1922-இல் தோன்றிய மெல்ரோஸ் கடன் சங்கமும், டாக்ஸி உடைமையாளர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட லாம்டோ கடன் சங்கமும் தகடுகளின் ஈட்டின்மீது பெருந்தொகைகளைக் கடன் கொடுத்து வந்தன. வேறு வங்கிகளின் வாசலை மிதிக்க முடியாத பிறநாட்டுக் குடியேறிகளுக்குத் தகடு வாங்க உதவியவை இவையே. தொடக்கத்தில் இது மெய்யான கூட்டுறவுத் தொண்டே. நாளடைவில், கடன் கேட்பவரின் வருவாய் என்ன என்பதைப் பாராமல், தகட்டின் விலை என்ன என்பதை மட்டும் பார்க்கும் வழக்கம் புகுந்தது. விலை ஏறும்போதெல்லாம் அதே தகட்டின்மீது மேலும் கடன் கொடுக்கப்பட்டது. வட்டியை மட்டும் கட்டினால் போதும், அசலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கடன்களும் பெருகின.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் 7 லட்சம் டாலர் கடன் பெற்றதாகவும், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 4 என்றும் கொள்வோம். வட்டி மட்டுமே மாதத்துக்கு 2,333 டாலர். வண்டிச் செலவும் குடும்பச் செலவும் போக இத்தொகை மிஞ்சுமா என்று எவரேனும் எழுதிப் பார்த்திருப்பின், கடன் மனு அன்றே திரும்பியிருக்கும்.

இங்கே நம் சொந்தத் தொழிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தொழிற்கடனுக்கு அந்நாட்டுச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது. ஆனால் இத்தகைய பழைய சங்கங்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து விலக்களித்தது. அச்சங்கங்களை மேற்பார்க்கும் தேசிய நிறுவனத்தின் தலைமை ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, நிர்வாகிகளோடு சோதனை அதிகாரிகளையும் குறைகூறிற்று. ஒரே வகை ஈட்டின்மீது கடன் குவிவதைக் கண்டும், அவர்கள் உரிய காலத்தில் உறுதியாக நடவடிக்கை எடுக்கவில்லை என்றது. கணக்கு நேராயிருக்கிறது, தவணை நிலுவையில்லை என்று கையொப்பமிட்டுத் திரும்பும் இன்ஸ்பெக்டர்களாகிய நாம் இவ்வறிக்கையை இருமுறை படிக்க வேண்டும்.

மெல்ரோஸும் லாம்டோவும் 2018-இல் கலைக்கப்பட்டன. வைப்புத்தொகை வைத்தவர்களை இன்ஷூரன்ஸ் நிதி காத்தது. இவ்விரண்டும் இன்னொரு சங்கமும் வீழ்ந்ததால் அந்நிதிக்கு நேர்ந்த இழப்பு சுமார் 76 கோடி டாலர். கடன் வாங்கிய ஓட்டுநரைக் காப்பார் இல்லை. அவர்களுடைய கடன் பத்திரங்கள் 2020-இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 2021-இல் ஓட்டுநர்கள் நகர மண்டபத்தின் முன் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தனர். அதன் பின்னரே, கடனை 1,70,000 டாலராகக் குறைத்து, அதற்கு நகராட்சியே ஜாமீன் நிற்கும் ஏற்பாடு பிறந்தது.

நம் நாட்டில் இவ்வுண்மை புதிதன்று. நிலத்தின் மதிப்பைப் பார்த்தல்ல, பயிரின் செலவையும் விளைவையும் பார்த்தே கடன் கொடுக்க வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டு அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வுக் குழு சொல்லிற்று. நம் பயிர்க்கடன் முறை அதன் வழி வந்ததே. டாக்ஸித் துறையிலும் 2025-இல் சஹகார் டாக்ஸி கூட்டுறவுச் சங்கம் நம் நாட்டில் பதிவாகியுள்ளது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்கேனும் சேர வேண்டும் என்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் வண்டி வாங்கக் கடன் கொடுக்கப்போகும் சங்கம் எதுவாயினும் அதற்கு நியூயார்க்கின் பாடம் பொருந்தும்.

தறியோ, நிலமோ, வண்டியோ, அதன் சந்தை விலை சட்டத்தாலும் காலத்தாலும் ஏறும், இறங்கும். கடனைத் திருப்பிக் கட்டுவது அந்த விலை அன்று. அங்கத்தினரின் அன்றாட உழைப்பால் வரும் வருவாயே. ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் எழுந்து, நம் சங்கத்தின் கடன்களில் எவ்வளவு ஒரே வகை ஈட்டின்மீது நிற்கிறது, கடன் வாங்கியவரின் வருவாய் எழுத்தில் பதிவாகியுள்ளதா, அசல் குறைந்து வருகிறதா என்ற மூன்றையும் கேட்பார்களாக. கேட்பது நிர்வாகத்தின்மீது கொண்ட அவநம்பிக்கையாகாது. சங்கம் தம்முடையது என்பதற்கு அதுவே அடையாளம்.