உயிர்மெய் எழுத்துமுறையும் தொடக்கநிலை வாசிப்பும்: எத்தியோப்பியச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குறைந்த வருவாய் நாடுகளில் குழந்தைகளின் எழுத்தறிவை மேம்படுத்தும் முயற்சிகளில் பயிற்றுமொழியும் பாடநூலும் பெறும் கவனத்தை எழுத்துமுறையின் இயல்பு பெறுவதில்லை. எத்தியோப்பியாவின் ஃபிதல் எழுத்துமுறையைத் தமிழ் உயிர்மெய் முறையோடு ஒப்பிடும் இக்கட்டுரை, வாசிப்பைக் கற்பிக்கும் முறையும் அளக்கும் முறையும் அந்தந்த எழுத்துமுறையின் அமைப்பிலிருந்தே வகுக்கப்பட வேண்டும் என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கநிலை எழுத்தறிவு, உயிர்மெய், ஃபிதல், அம்ஹாரிக், வாசிப்பு மதிப்பீடு

முன்னுரை

பத்து வயதில் எளிய பனுவலொன்றை வாசித்துப் பொருள்கொள்ள இயலாத நிலையை உலக வங்கி 2019ஆம் ஆண்டு 'கற்றல் வறுமை' எனப் பெயரிட்டது. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளின் குழந்தைகளுள் 53 விழுக்காட்டினர் இந்நிலையில் உள்ளனர் என்பது அதன் அப்போதைய மதிப்பீடு. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் அது 70 விழுக்காடாக மதிப்பிடப்பட்டது.

எத்தியோப்பியா இவ்வகையில் ஆராயத்தக்க களமாகும். அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க வழிவகுத்தது. எனினும், 2010இல் நிகழ்த்தப்பெற்ற தொடக்கநிலை வாசிப்பு மதிப்பீட்டில், இரண்டாம் வகுப்பு மாணவருள் 34 விழுக்காட்டினரால் கொடுக்கப்பட்ட கதையில் ஒரு சொல்லைக்கூட வாசிக்க இயலவில்லை. தாய்மொழிவழிக் கல்வி இன்றியமையாதது; ஆயினும் அது மட்டுமே போதுமானதன்று என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. குழந்தை பேசும் மொழிக்கும் அம்மொழியின் வரிவடிவத்துக்கும் இடையே கடக்க வேண்டிய தொலைவு உண்டு. அத்தொலைவின் தன்மை எழுத்துமுறைக்கேற்ப வேறுபடும்.

ஃபிதலும் தமிழும்

அம்ஹாரிக், திக்ரிஞா முதலிய மொழிகள் ஃபிதல் வரிவடிவில் எழுதப்படுகின்றன. அம்ஹாரிக்கின் 33 அடிப்படை வடிவங்கள் ஏழு உயிர்களுக்கேற்ப ஏழு வரிசைகளாகத் திரிந்து 231 எழுத்துகளாகின்றன. 'அபுகிட' என்னும் கலைச்சொல்லைப் பீட்டர் டி. டேனியல்ஸ் 1990இல் எத்தியோப்பிய மரபிலிருந்தே எடுத்தாண்டார். 12 உயிரும் 18 மெய்யும் புணர்ந்து 216 உயிர்மெய்யாகும் தமிழும் இவ்வகைப்பாட்டுள் வைத்து எண்ணப்படுவது.

இவ்விரு முறைகளும் குழந்தையின் மீது சுமத்தும் சுமை ஒன்றன்று. தமிழில் தனிமெய்யைப் புள்ளி காட்டிவிடுகிறது. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஃபிதலில் இத்தகைய குறி இல்லை. ஆறாம் வரிசை எழுத்து, குறுகிய உயிரோடும் ஒலிக்கலாம், உயிரின்றியும் ஒலிக்கலாம். 'இதயம்' எனப் பொருள்படும் அம்ஹாரிக் சொல்லின் இரண்டு எழுத்துகளும் ஆறாம் வரிசையின. முதலாவது உயிரோடும் இரண்டாவது உயிரின்றியும் ஒலிக்கும்.

மெய் இரட்டித்தலும் அவ்வாறே. தமிழில் 'படம்', 'பட்டம்' என்னும் வேறுபாடு எழுத்திலேயே புலப்படும். அம்ஹாரிக்கில் 'அலெ' (சொன்னான்), 'அல்லெ' (இருக்கிறான்) ஆகிய இரண்டும் ஒரே வடிவில் எழுதப்படும். 'கெனா' (இன்னும்), 'கென்னா' (கிறித்து பிறப்பு விழா) என்பனவும் அத்தகையவே. எழுத்தை அறிந்த குழந்தையும் சொல்லையும் சூழலையும் முன்னரே அறிந்திருந்தாலன்றி இவற்றைச் சரியாக வாசிக்க இயலாது. தமிழில் இதற்கு நேரானது வல்லினத்தின் ஒலிப்பு. 'கல்', 'பகல்', 'தங்கம்' ஆகியவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. எனினும் தமிழ்க் குழந்தைக்கு எழுத்து நிற்கும் இடம் துணைசெய்கிறது. அம்ஹாரிக் குழந்தைக்கோ பொருளே துணை.

கற்பித்தல் மரபு

எத்தியோப்பியத் திருச்சபைப் பள்ளிகளில் குழந்தைகள் ஃபிதல் அட்டவணையை வரிசைவரிசையாக உரக்க ஓதிப் பழகினர். தொடர்ந்து, பேச்சு வழக்கிலில்லாத கீயஸ் மொழியில் சமயப் பனுவல்களை வாசித்தனர். ஓதும் முறையில் வரிசை மனத்தில் பதியும்; தனியெழுத்தை அடையாளம் காணும் திறன் வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. இக்குறைக்கு மரபினுள்ளேயே ஒரு மாற்றும் இருந்தது. 'அ, பு, கி, ட' எனத் தொடரும் மாற்று வரிசையில் மெய்யும் உயிரும் ஒருசேர மாறுகின்றன. பழகிய ஓசை குலைவதால் குழந்தை எழுத்தையே உற்றுநோக்க நேர்கிறது.

உயிர்மெய் எழுத்துமுறைகளைக் கற்க நெடுங்காலம் தேவை என்பதற்குக் கன்னட ஆய்வு சான்றாகும். எழுத்துகளைக் கற்றல் நான்காம் வகுப்பு வரை நீள்வதையும், அசையை உணரும் திறனைவிடத் தனியொலியை உணரும் திறன் மெதுவாக வளர்வதையும் சோனாலி நாக் 2007இல் எடுத்துக்காட்டினார். இருபத்தாறு எழுத்து நெடுங்கணக்கைக் கொண்டு வகுத்த கால அட்டவணை இத்தகைய எழுத்துமுறைக்குப் பொருந்தாது.

அளவீட்டின் சிக்கல்

தொடக்கநிலை வாசிப்பு மதிப்பீடு, ஒரு நிமிடத்தில் சரியாக வாசிக்கப்படும் சொற்களை எண்ணுகிறது. ஒரு சொல்லும் வாசிக்க இயலாமை எந்த எழுத்துமுறையிலும் இயலாமையே. ஆனால் வேகத்தின் பொருள் மொழிதோறும் மாறும். ஓரோமோ மொழிக்கு 1991இல் இலத்தீன் வரிவடிவம் ஏற்கப்பட்டது. 'நீர்' என்னும் பொருளுடைய சொல் அம்ஹாரிக்கில் 2 எழுத்துகளாலும் ஓரோமோவில் 7 எழுத்துகளாலும் ஆனது. ஓரோமோவில் நெடிலும் இரட்டித்த மெய்யும் எழுத்தை இரட்டித்துக் காட்டப்படுவதால் சொல் நீள்கிறது, ஐயம் குறைகிறது. அம்ஹாரிக்கில் சொல் குறுகுகிறது, ஊகம் மிகுகிறது. ஆகவே சொல்லெண்ணிக்கை கொண்டு இவ்விரு மொழி மாணவரை ஒப்பிடுவது பிழை. மொழிகளுக்கிடையே நேரடி ஒப்பீடு கூடாது என மதிப்பீட்டை வகுத்தோரே அறிவுறுத்துகின்றனர்.

மேம்பாட்டுக்கான நெறிகள்

2010 மதிப்பீட்டைத் தொடர்ந்து, 2012இல் தொடங்கிய திட்டத்தின்வழி ஏழு தாய்மொழிகளில் புதிய பாடநூல்கள் உருவாயின. மேற்கண்ட ஒப்பீடு இத்தகைய முயற்சிகளுக்கு மூன்று நெறிகளை உணர்த்துகிறது.

முதலாவதாக, எழுத்துகளை அட்டவணை வரிசையில் அன்றிப் பயன்பாட்டு மிகுதிக்கேற்ப அறிமுகம் செய்து, உயிர்த்திரிபின் ஒழுங்கைக் குழந்தைக்குப் புலப்படுத்த வேண்டும். ஒழுங்கை உணர்ந்த குழந்தைக்கு 33 வடிவங்களும் சில விதிகளுமே சுமை. உணராத குழந்தைக்கு 231 தனி வடிவங்கள்.

இரண்டாவதாக, எழுத்தில் தோன்றாத வேறுபாடுகளை வாய்மொழி வழியே பழக்க வேண்டும். 2010ஆம் ஆண்டுக் கொள்கைச் சட்டகத்தின்வழிப் பரவிய ஓராண்டு முன்பருவ வகுப்புகள் இதற்கு ஏற்றவை. அங்கே அட்டவணையை ஓதுவதினும் கதை, விடுகதை, அசை பிரித்து விளையாடுதல் ஆகியவையே பின்னைய வாசிப்புக்கு அடித்தளமாகும்.

மூன்றாவதாக, வாசிப்பு இலக்குகளை மொழிதோறும் தனித்தனியே வரையறுக்க வேண்டும்.

முடிவுரை

தாய்மொழியில் கற்பித்தல், அம்மொழியின் எழுத்தை அதன் இயல்பறிந்து கற்பித்தலையும் உள்ளடக்கியது. கொள்கை முன்னதை உறுதிசெய்யலாம். பின்னதை மொழியறிஞரும் ஆசிரியரும் இணைந்தே உருவாக்க இயலும். எழுத்தின் பிறப்பையும் புணர்ச்சியையும் நுணுகி ஆய்ந்த இலக்கண மரபுடைய தமிழாய்வுலகம், குழந்தை வாசிப்பு குறித்த இத்தகைய ஒப்பாய்வுகளுக்குப் பங்களிக்கத்தக்க இடத்தில் உள்ளது.