தொழில் தேடும் இளைஞருக்கு யூஸுப் நபி (அலை) காட்டிய வழி

எல்லாப் புகழும் ஏக வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை என்று சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை அண்டி வாழும் நம் குடும்பங்களில் இன்று ஒரு கவலை நிலவுகிறது. பிள்ளை உயர்தரம் வரை படித்துவிட்டான், பத்து இடங்களுக்கு விண்ணப்பமும் அனுப்பிவிட்டான், ஓரிடத்திலிருந்தும் அழைப்பில்லை. "நமக்கு யார் தொழில் தரப்போகிறார்கள்?" என்ற மனக்கசப்பு வீட்டுக்குள் வளர்கிறது. பாரபட்சம் எங்குமே இல்லை என்று நாம் கூற வரவில்லை. ஆயினும், பத்து இடங்களுக்கும் ஒரே சுயவிபரக் கோவையையே பிரதி எடுத்து அனுப்பினோமா என்ற கேள்வியையும் நம்மிடமே நாம் கேட்டாக வேண்டும்.

இவ்விடயத்தில் அல்குர்ஆனின் 12ஆம் அத்தியாயமாகிய ஸூரா யூஸுப் நமக்கு அழகிய வழிகாட்டலைத் தருகின்றது.

எகிப்தின் மன்னர் யூஸுப் (அலை) அவர்களைச் சிறையிலிருந்து அழைத்துவர ஆளனுப்பினார். அவர்களோ உடனே புறப்பட்டுவிடவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி பொய்யென்பது முதலில் விசாரித்து அறியப்பட வேண்டும் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். குற்றமற்றவர் என்பது வெளிப்பட்டது. அதன் பின்னரே மன்னர் அவர்களை அழைத்து உரையாடினார்; அவர்கள் நம்பிக்கைக்குரியவர் என்று ஏற்றுக்கொண்டார். அப்போது யூஸுப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்டு, தாம் பாதுகாப்பவர் என்றும் அறிந்தவர் என்றும் இரண்டே தகைமைகளை எடுத்துரைத்தார்கள்.

நேயர்களே, அவர்கள் எதைக் கூறவில்லை என்பதைச் சற்றே சிந்தியுங்கள். தாம் யஃகூப் நபியின் மகன், இஸ்ஹாக் நபியின் பேரன், இப்ராஹீம் நபியின் கொள்ளுப் பேரன் என்று அங்கே கூறவில்லை. தமது அழகைக் கூறவில்லை. கனவுக்கு விளக்கம் சொல்லும் ஆற்றலையும் கூறவில்லை. அவை அனைத்தும் உண்மையே. ஆனால் களஞ்சியத்துக்கு வேண்டியவை இரண்டு: பொருளைக் காக்கும் நேர்மையும், கணக்கை நடத்தும் அறிவும். கேட்கப்பட்ட பொறுப்புக்கு எது தேவையோ அதை மாத்திரம் கூறினார்கள்.

பதவியைக் கேட்டுப் பெற வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரழி) அவர்களுக்கு உபதேசித்துள்ளார்களே என்று சிலர் வினவலாம். அது அதிகாரத்தின் மீதுள்ள ஆசையைக் குறித்த எச்சரிக்கை. தகுதியுள்ளவர் தமது தகுதியை உண்மையாக எடுத்துச் சொல்வது தடுக்கப்பட்டதல்ல என்பதற்கு யூஸுப் நபியின் இச்செயலையே அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

சுயவிபரக் கோவை

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கற்ற ஓர் இளைஞர். மாலையில் தந்தையின் சில்லறைக் கடையைக் கவனிக்கிறார். பள்ளிவாசல் வாலிபர் சங்கத்தின் பொருளாளராக இரண்டு வருடங்கள் கணக்கு எழுதியிருக்கிறார். கிரிக்கெட்டும் நன்றாக விளையாடுவார்.

இவர் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் களஞ்சியப் பொறுப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்றால், பொருளாளராகக் கணக்கு எழுதியதும், கடையின் இருப்பைப் பதிவு செய்ததும் முதலில் வர வேண்டும். அதே இளைஞர் விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு விண்ணப்பித்தால், வாடிக்கையாளரோடு பழகிய அனுபவமும், சிங்களம் பேசும் திறமையும் முதலிடம் பெற வேண்டும். ஆள் ஒருவரே, சொல்லும் உண்மையும் ஒன்றே, வரிசைதான் மாறுகிறது. ஆகவே, முதலில் விளம்பரத்தை நிதானமாக வாசியுங்கள். அவர்கள் கேட்கும் தகைமைகளின் கீழே கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் உள்ள சான்று எது என்று எழுதிப் பாருங்கள். அரசாங்கப் பதவிகளுக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் வரும். அதில் வயதெல்லையையும் முடிவுத் திகதியையும் தவறாது பாருங்கள்.

சான்றிதழ் இல்லாமலே தையல், மேசன், மின்னிணைப்பு வேலைகளில் தேர்ந்த பிள்ளைகள் நம்மிடையே பலர். அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. தேசிய பயிலுனர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதுபற்றி விசாரிக்கலாம்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பரீட்சைப் பெறுபேற்றில் மற்றொரு விதமாகவும் முஹம்மத் என்ற ஒரே பெயர் எழுதப்பட்டிருக்கும். முதலெழுத்துகளும் மாறியிருக்கும். நேர்முகப் பரீட்சை மேசையில் இது தெரியவந்தால், திருத்துவதற்கு அவகாசம் கிடைக்காமல் போகலாம். பெற்றோரே! பிள்ளை பாடசாலையில் இருக்கும்போதே மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிரதேச செயலகத்தில் ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று முகவரி. தோட்ட அலுவலகத்துக்குச் செல்லும் கடிதம் லயத்துக்கு வந்து சேரும்போது நேர்முகப் பரீட்சையின் திகதி கடந்துவிட்டது என்ற வேதனை மலையகத்தில் புதியதன்று. எனவே நகரிலுள்ள நம்பிக்கையான உறவினரின் முகவரியை அவரது சம்மதத்தோடு கொடுங்கள். எப்போதும் இயங்கும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

நேர்முகப் பரீட்சை

மூலச் சான்றிதழ்களையும் பிரதிகளையும் ஒரே கோவையில் ஒழுங்காக அடுக்குங்கள். மழைக்காலத்தில் இரத்தினபுரியில் வெள்ளமும் மலைப்பாதைகளில் மண்சரிவும் ஏற்படுவதை நாம் அறிவோம். இயன்றால் முதல் நாளே நகருக்குச் சென்று தங்கிவிடுவது நன்று. ஆடை எளிமையாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும்.

தமிழ் மொழி மூலம் கற்ற நம் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் கேட்கப்படும் கேள்வியே அச்சம் தருகிறது. "உங்களைப் பற்றிக் கூறுங்கள்", "ஏன் இந்த வேலையை விரும்புகிறீர்கள்?" ஆகிய இரண்டுக்கும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விடை எழுதி, வீட்டிலே உரத்துச் சொல்லிப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று பணிவாகக் கூறுங்கள். பிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள், தம்மைவிடத் தம் சகோதரர் ஹாரூன் நாவன்மை மிக்கவர் என்று ஒளிக்காமல் கூறினார்கள். உள்ளத்தை விரிவாக்குமாறும், நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். ஸூரா தாஹாவில் வரும் அந்த துஆவை ஓதிச் செல்லுங்கள்.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரம் வேண்டுமாயின், வேலையில் சேரும் முன்னரே மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த பின் சொல்லாமல் வெளியேறுவது அமானிதத்துக்கு முரணானது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பொய்ச் சான்றிதழ் ஏமாற்று. ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வேலை பெற்றுத் தருவதாகக் கூறும் தரகருக்கு நகையை அடகு வைத்துக் கொடுக்கும் பணமும் இலஞ்சமே. கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியோர் என்று ஹதீஸில் வந்துள்ளது. அவ்வாறு பெற்ற தொழிலின் சம்பளத்தை எந்த மன நிம்மதியோடு உண்பது?

மத்யன் நகரில் ஒரு மகள் தம் தந்தையிடம், வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே என்று மூஸா (அலை) அவர்களைச் சுட்டிக் கூறியதை ஸூரா அல்கஸஸில் காண்கிறோம். வலிமை என்பது திறமை. அதைப் பயிற்சி தரும். நம்பிக்கையைத் தருவது வீடு. கடையின் தராசு முன்னால் தந்தை எப்படி நின்றாரோ, அப்படித்தான் பிள்ளை நாளை களஞ்சியத்தின் முன்னால் நிற்பான்.

முயற்சி நம்முடையது, ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருவது. ஒரு கதவு மூடப்பட்டால் விடயத்தை ஆராய்ந்து, குறையைத் திருத்தி, அடுத்த கதவைத் தட்டுங்கள். கிணற்றிலும் சிறையிலும் யூஸுப் (அலை) அவர்கள் நம்பிக்கை இழக்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஹலாலான, பரக்கத் நிறைந்த தொழில்களைத் தந்தருள்வாயாக! ஆமீன்.