மணி அடித்ததும் சங்கீதம்!

மணி அடிக்கிறது. ஒரு வகுப்பில் கணக்குப் பாடம் தொடங்குகிறது. இன்னொரு வகுப்பில் ரசாயனம். மற்றொரு கட்டடத்தில் தம்புரா சுருதி கூட்டுகிறது. "ஸ ரி க ம" என்று பல குரல்கள் ஒன்றாக எழுகின்றன.

கணக்குக்கும் மணி, சங்கீதத்துக்கும் அதே மணி!

இன்று இதைக் கேட்டு யாரும் வியப்படைய மாட்டார்கள். ஆனால், 1929-ம் ஆண்டில் இது பெரிய புதுமை. "சங்கீதத்துக்குக் கல்லூரியா? பாட்டுக்குப் பரீட்சையா? மார்க்கு வாங்கினால் ராகம் வந்துவிடுமா?" என்று கேலி பேசியவர்கள் உண்டு.

அந்தக் கேலிக்குப் பதில் சொன்ன ஊர்களில் ஒன்று, சிதம்பரம். ஆடல் அரசன் கோவில் கொண்ட தில்லை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை வளர்ந்த கதை, ஒரு கட்டடம் எழுந்த கதை மட்டும் அல்ல. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கின் கதையும் ஆகும்.

குருவின் வீடு

பழைய நாளில் சங்கீதம் கற்க வேண்டும் என்றால், குருவின் வீட்டுக்குப் போக வேண்டும். வருடக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். தண்ணீர் இறைக்க வேண்டும். கடைக்குப் போய் வர வேண்டும். குரு கச்சேரிக்குப் புறப்பட்டால், தம்புராவைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்க வேண்டும்.

பாடம் எப்போது நடக்கும்? அது குருவின் மனத்தைப் பொறுத்தது. விடியற்காலையிலும் நடக்கலாம், நடுநிசியிலும் நடக்கலாம். பத்து நாள் நடக்காமலும் போகலாம்.

அந்த முறையில் ஒரு பெரிய நன்மை இருந்தது. குருவின் மூச்சும் பேச்சும் சிஷ்யனுக்குள் இறங்கின. குரு முணுமுணுக்கும் ஓர் ஆலாபனைத் துணுக்குகூட அவனுக்குப் பாடமாயிற்று. ஏட்டில் எழுத முடியாத நுட்பங்கள் எல்லாம் காது வழியாகவே வந்து சேர்ந்தன.

ஆனால், ஒரு பெரிய குறையும் இருந்தது. குருவின் வீட்டு வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை. வித்துவான் வீட்டுப் பிள்ளைக்குச் சங்கீதம் தொட்டிலிலேயே கிடைத்தது. சிபாரிசு உள்ளவனுக்கும் கிடைத்தது. உழவர் வீட்டில் நல்ல குரலோடு பிறந்த பையன் எங்கே போவான்? பாட ஆசைப்படும் பெண், எந்த ஊரில் யார் வீட்டில் போய்த் தங்குவாள்?

விண்ணப்பத் தாளும் கட்டணமும் இருந்தால் போதும் என்று கல்லூரி வந்தபோதுதான், இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது.

செட்டிநாட்டு வள்ளல்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881-ல் பிறந்தவர் அண்ணாமலைச் செட்டியார். செல்வர். 1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கல்வி நிலையங்கள் எழுந்தன. அவற்றையெல்லாம், 20 லட்சம் ரூபாய் நன்கொடையோடு சேர்த்து, ஒரு பல்கலைக்கழகம் அமைக்கக் கொடுத்தார். 1929-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

இசைக் கல்லூரியும் அதே ஆண்டில் தோன்றியதுதான். பின்னால் அது பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகவே ஆயிற்று. அதில் படித்துத் தேறியவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'சங்கீத பூஷணம்'.

பெயருக்கு முன்னால் 'சங்கீத பூஷணம்' என்று போட்டுக்கொள்வது, பிற்பாடு தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு பெருமையாக விளங்கியது.

அடுத்தடுத்து மூன்று தலைவர்கள்

கட்டடம் கட்டலாம், பலகை மாட்டலாம். கற்றுக்கொடுக்க யார் வருவது?

இங்கேதான் பல்கலைக்கழகம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. பட்டம் பெற்ற சங்கீத ஆசிரியர்கள் அப்போது ஏது? ஆகவே குருகுலத்தில் பழுத்த வித்துவான்களையே ஆசிரியர் நாற்காலியில் அமர்த்தியது.

மகா வைத்தியநாத ஐயரின் சீடரான சபேச ஐயர் வந்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடரான டைகர் வரதாச்சாரியார் வந்தார். பரதத்துக்கு இலக்கணம் வகுத்த தஞ்சை நால்வரின் வழிவந்த பொன்னையா பிள்ளை வந்தார்.

இவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள்? சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டுத் தலைமை என்பது சங்கீத உலகில் மிக உயர்ந்த மரியாதை. 1932-ல் அந்தப் பதவியில் அமர்ந்தவர் டைகர். 1933-ல் பொன்னையா பிள்ளை. 1934-ல் சபேச ஐயர். அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் தலைமை தாங்கிய மூவரும் அண்ணாமலை நகரில் பாடம் சொன்னவர்கள்!

அதாவது, குருகுலம் அழிந்து கல்லூரி வரவில்லை. குருகுலமே கல்லூரிக்குள் குடிபுகுந்தது. திருச்சியைச் சேர்ந்த டி. கே. ரங்காச்சாரி இங்கே சபேச ஐயரிடம் பயின்றார். மேடையில் பெயர் பெற்றார். பிறகு இங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். மாணவன் ஆசிரியனாகி, அந்த ஆசிரியனிடம் அடுத்த மாணவன் வருவதுதானே பரம்பரை!

பாட்டு இருந்தது, மெட்டு இல்லை!

துறை நன்றாகத்தான் நடந்தது. ஆனால், ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கச்சேரி மேடைகளில் அந்தக் காலத்தில் தெலுங்குக் கீர்த்தனைகளும் வடமொழிக் கீர்த்தனைகளுமே ஆட்சி செய்தன. தமிழ்ப் பாட்டு என்றால், கடைசியில் பாடும் 'துக்கடா'. மேடையில் எது நடந்ததோ, வகுப்பிலும் பெரும்பாலும் அதுவே நடந்தது.

தமிழில் பாட்டு இல்லையா? இருந்தது! தியாகராஜர் 1767-ல் பிறப்பதற்கு முன்பே இருந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள சீர்காழியில்தான் முத்துத்தாண்டவர் வாழ்ந்தார். சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன், மாரிமுத்தாப் பிள்ளையின் ஊர். இராமாயணத்தையே கீர்த்தனைகளாகப் பாடிய அருணாசலக் கவிராயரும் சீர்காழியில் வாழ்ந்தவரே. மூவரும் பல்கலைக்கழகத்துக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள்!

பிறகு என்ன குறை?

முத்துத்தாண்டவரின் பாட்டு ஏட்டில் இருந்தது. அவர் பாடிய மெட்டு மறைந்து போயிற்று. தியாகராஜருக்குச் சீடர்கள் வழிவழியாக வந்தார்கள். சுரத்தோடு எழுதி வைத்தார்கள். தமிழ் மூவரின் பாடல்களுக்கு அப்படிப்பட்ட காவல் அமையவில்லை. சொல் மட்டும் மிஞ்சியது.

வகுப்பு என்று வந்துவிட்டால், சுரம் இல்லாத பாட்டு பாடத்திட்டத்தில் ஏறாது. பாடத்திட்டத்தில் ஏறாத பாட்டை மாணவன் கற்க மாட்டான். கற்காத பாட்டு மேடைக்கு வராது. மேடைக்கு வராத பாட்டு செத்துப் போகும். இதுதான் அப்போது இருந்த அபாயம்.

1941: அனல் பறந்த மாநாடு

1941-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும், இசைக் கல்லூரிகளில் தமிழ்ப் பாட்டு கற்பிக்க வேண்டும் என்ற குரல் அங்கிருந்து எழுந்தது.

நாடெங்கும் பரபரப்பு! ராஜாஜி ஆதரித்தார். ரசிகமணி டி. கே. சி. ஆதரித்தார். கல்கி தம் பேனாவைத் தமிழிசைக்கே காணிக்கையாக்கினார்.

எதிர்ப்பும் சளைக்கவில்லை. "சங்கீதத்துக்கு மொழி ஏது? மொழியைக் காரணம் காட்டிச் சங்கீதத்தின் தரத்தைக் குறைக்கலாமா?" என்று கேட்டார்கள். மியூசிக் அகாடமி அதே ஆண்டு டிசம்பரில் இந்தக் கருத்தில் ஒரு தீர்மானமே போட்டது.

இரு தரப்பிலும் இருந்தவர்கள் சங்கீதத்தை உயிராக நேசித்தவர்கள்தான். தியாகராஜரைப் பாட வேண்டாம் என்று தமிழிசைக்காரர்கள் சொல்லவில்லை. கேட்பவனுக்குப் புரியும் மொழியிலும் பாடுங்கள் என்றார்கள். 'உம்' என்ற ஓர் இடைச்சொல்லில் இருந்தது சண்டை முழுவதும்!

1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. ஆர். கே. சண்முகம் செட்டியார் அதன் தலைவர். அந்தச் சங்கத்தின் கல்லூரியில் படித்து 'இசைமணி' பட்டம் பெற்றவர்தான் சீர்காழி கோவிந்தராஜன்.

அச்சில் ஏறிய சுரம்

மாநாடு முடிந்தால் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். வேலை அத்துடன் நின்றுவிடுவதும் உண்டு. அண்ணாமலை நகரில் அப்படி நிற்கவில்லை.

மேடைப் பேச்சைவிடக் கடினமான வேலை பிறகுதான் தொடங்கியது. மெட்டு இழந்த பாட்டுக்கு மெட்டு வேண்டும். மெட்டு போட்ட பாட்டைச் சுரப்படுத்த வேண்டும். சுரப்படுத்தியதை அச்சிட வேண்டும். பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது.

பார்த்தால் சாதாரணப் புத்தகம்தான். ஆனால், ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியின் பாட்டு ஆசிரியை அதை வைத்துக்கொண்டு, குரு இல்லாத ஊரிலும் ஒரு தமிழ்க் கீர்த்தனையைக் கற்பிக்க முடியும். முன்பு ஒரு வீட்டுக்குள் இருந்த சொத்து, ஊர்ச் சொத்து ஆயிற்று.

மீண்டும் ஒலித்த யாழ்

பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் வந்தவர் சுவாமி விபுலாநந்தர். இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி. காவி உடுத்த துறவி.

சிலப்பதிகாரத்தில் வரும் யாழ் எப்படி இருந்தது? அதன் நரம்புகள் எந்தச் சுரம் பேசின? இந்தக் கேள்வி அவரை ஆட்டிப் படைத்தது. இலக்கியத்தை ஒரு கையிலும் கணக்கை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். விளைவு, 'யாழ் நூல்'. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது.

1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேற்றம். சுவாமி கணித்துச் செய்வித்த இசைக் கருவிகளை அன்று மீட்டியவர் யார்? 'சங்கீத பூஷணம்' க. பொ. சிவானந்தம் பிள்ளை. அண்ணாமலை நகரில் ஆசிரியராக இருந்த பொன்னையா பிள்ளையின் மகன்!

தந்தை பாடம் சொன்னார். மகன் பட்டம் பெற்றார். அங்கே பேராசிரியராக இருந்தவரின் கனவு, அந்த மகனின் விரல் நுனியில் ஒலித்தது. அடுத்த மாதமே, ஜூலை 19-ல், விபுலாநந்தர் மறைந்தார். காது குளிரக் கேட்ட பிறகே கண் மூடினார்.

நந்தனார் நடத்திய வகுப்பு

1942-ல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்து மக்களை உருக வைத்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர். திருச்செங்காட்டங்குடியில் 1908-ல் பிறந்தவர். தேவாரம் அவருக்குத் தாய்ப்பால். கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் சங்கீதம் பயின்றவர்.

திரையில் சிதம்பரம் போக ஏங்கிய நந்தனார், பின்னால் அதே சிதம்பரத்தில் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக வந்து அமர்ந்தார்! பல ஆண்டுகள் அங்கே பணியாற்றினார்.

கோவிலில் ஓதுவார் பாடும் பண் ஒரு பக்கம். சபாவில் வித்துவான் பாடும் ராகம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரில் கதவு திறந்தவர்களில் தேசிகர் முக்கியமானவர். 1972-ல் அவர் காலமானபோது, தேவாரம் கச்சேரி மேடைக்கு அந்நியமான பொருளாக இல்லை.

கடல் கடந்த பூஷணங்கள்

இலங்கையிலிருந்தும் மாணவர்கள் சிதம்பரத்துக்கு வந்தார்கள். பட்டத்தோடு திரும்பிப் போய், தம் ஊர்ப் பள்ளிகளில் பாட்டு ஆசிரியர்கள் ஆனார்கள். யாழ்ப்பாணத்தில் 1960-ல் ராமநாதன் இசைக் கல்லூரி தோன்றியது. மகாராஜபுரம் சந்தானம் அதற்கு முதல்வராக இருந்தார். 1975-ல் அதுவும் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தனிச் சட்டம் இயற்றித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. நிர்வாகம் மாறியது. தம்புரா மாறவில்லை.

மணி அடித்துச் சங்கீதம் வருமா என்ற கேள்விக்கு விடை என்ன? மணி அடித்தால் மேதை பிறக்க மாட்டான், அது உண்மை. குருவின் வீட்டில் கிடைத்த நெருக்கம் முழுவதும் வகுப்பில் கிடைக்காது, அதுவும் உண்மை. பட்டம் வாங்கிய எல்லாரும் கச்சேரி வித்துவான் ஆகிவிடவும் இல்லை.

ஆனால், எந்த வித்துவானுக்கும் உறவில்லாத ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு வரலாம். விண்ணப்பத் தாளை நீட்டலாம். மணி அடித்ததும் வகுப்பில் உட்கார்ந்து, சீர்காழிப் புலவர் பாடிய ஒரு பாட்டை, சுரம் பிசகாமல் கற்றுக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பி நாற்பது குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

மணி அடித்து வந்தது அந்த உரிமை!