படுக்கையருகே நடக்கும் தேர்வு

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பு 4½ ஆண்டுக் கல்வியும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணியும் கொண்டது. அப்பணிக்குள் நுழையுமுன் மாணவர் எழுதியும் செய்தும் கடக்கவேண்டிய தேர்வுகளுள், 'லாங் கேஸ்' எனப்படும் செய்முறைத் தேர்வே பெரும் சோதனை. முன்பின் அறியாத ஒரு நோயாளியிடம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பேசி, உடலைச் சோதித்து, ஸ்கேனோ ரத்தப் பரிசோதனை முடிவோ துணைக்கு இல்லாமல் நோயைக் கணித்து, அதற்கான காரணங்களைத் தேர்வாளர்கள் முன் எடுத்துரைக்க வேண்டும்.

இதற்கான பழக்கம் இரண்டாம் ஆண்டில் வார்டுக்குச் செல்லும்போதே தொடங்குகிறது. நோயின் கதையை நோயாளியின் வாய்மொழியாகவே கேட்டுப் பெறுவது, அதாவது 'ஹிஸ்டரி' எடுப்பது, முதற்பாடம். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், மாடிப்படி ஏறுவதையே எப்போதோ விட்டுவிட்ட இதய நோயாளி 'இல்லை' என்றுதான் சொல்வார், "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்குறீங்கம்மா?" என்று கேட்கத் தெரிந்த மாணவருக்கோ, தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற உண்மை அந்த ஒரு விடையிலேயே புலப்பட்டுவிடும்.

அடுத்து வருவன பார்த்தல், தொட்டறிதல், தட்டிப் பார்த்தல், கேட்டல் என்னும் நான்கு படிகள். தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் லியோபோல்ட் ஔவன்புருக்கர் 1761இல் நூலாக வெளியிட்டார். ஸ்டெதஸ்கோப்பைப் பாரிஸில் ரெனே லென்னக் 1816இல் உருவாக்கினார். இவற்றைப் படித்து அறிவது எளிது, கைக்குப் பழக்குவது அரிது. சிறுவயதில் கண்ட ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் 'பெல்' எனப்படும் குழிந்த முனையை இதயத்தின் நுனித்துடிப்பு தெரியும் இடத்தில் மெல்ல வைத்தால், தாழ்ந்த உறுமல் போன்ற ஒலி கேட்கும். தேர்வுப் பதற்றத்தில் அம்முனையைச் சற்று அழுத்தினாலும் தோல் இழுபட்டு இறுகி, அந்த ஒலி மங்கிவிடும்.

இத்தேர்வின் பெருங்குறை, யாருக்கு எந்த நோயாளி வாய்ப்பார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதே. கோர்வையாகப் பேசுபவர் ஒருவருக்கும், களைத்துச் சோர்ந்தவர் மற்றொருவருக்கும் அமையக்கூடும். இதனைக் களையும் நோக்கில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் உடன் பணிபுரிந்தோரும் 1975இல் வெளியிட்ட 'ஆஸ்கி' முறையில், எல்லா மாணவர்களும் வரிசையான நிலையங்களில் ஒரே வகைப் பணிகளை ஒரே கால அளவில் செய்து காட்டுவர். நேர்மையில் இது மேலானது. ஆயினும் ஒரு நிலையத்தில் இதயம், மறு நிலையத்தில் வயிறு என்று பிரிந்துபோவதால், முழு மனிதரையும் ஒருசேரக் காணும் திறன் இதில் போதிய அளவு அளக்கப்படுவதில்லை. ஆகவே லாங் கேஸைக் கைவிடுவதைவிட, ஒரு மாணவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தருவதே முறையாகும்.

இவ்வளவு கல்விக்கும் உடலைத் தருபவர் நோயாளி. வீங்கிய கல்லீரலை ஒரே காலைப்பொழுதில் பல கைகள் மாறிமாறி அழுத்தினால் வலி அவருக்குத்தான். அரசு மருத்துவமனையின் ஏழை நோயாளி அதை மறுத்துச் சொல்லத் தயங்குவார். சோதிக்குமுன் அனுமதி கேட்பதற்கும், திரையை இழுத்து மறைப்பதற்கும், வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுவதற்கும் தேர்வில் உரிய மதிப்பெண் இருக்கவேண்டும். ஒரு நோயாளியை ஒரு நாளில் இத்தனை மாணவர்தாம் சோதிக்கலாம் என்ற வரம்பை ஒவ்வொரு வார்டிலும் ஆசிரியர்களே விதிக்கவேண்டும்.